எங்க வீட்டு ஞாயித்துக்கிழமை

பெண்கள் விடுதிக்குக் கம்ப்யூட்டர்களை இணைக்கிற நீலக் கம்பி வந்து சேர்ந்த வருஷம் அது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதம் முழுக்க ஜன்னல் கதவுகளைப் பிடித்து உலுக்குகிற அந்தப் பொறியியல் கல்லூரியில், ஆண்கள் விடுதிக்கு அந்தக் கம்பி முன்பே வந்திருந்தது. பையன்கள் அவரவர் அறையில் கைலியோடு உட்கார்ந்தபடியே அடுத்தவன் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தையும் பாட்டையும் பழைய கேள்வித்தாளையும் எடுத்துப் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்தார்கள். பெண்கள் மனு எழுதி, மறுபடி மனு எழுதி, கடைசியில் வார்டன் விக்டோரியா மேடமே ஒரு மனுவில் கையெழுத்துப் போட்ட பிறகு, ஒரு ஆள் ஏணியும் துளைபோடும் மெஷினுமாக வந்து, சுவரோரமாகக் கம்பியை இழுத்து, அறைக்கு ஒரு முனையை நீட்டிவிட்டுப் போனான்.

சந்தனமாரி அப்போது இரண்டாம் வருஷம். ஏரல்காரி. தாமிரபரணி கடலில் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர் ஏரல். அவளுடைய அப்பா லிங்கத்துரை வாழைத்தார் லாரி ஓட்டுகிறவர்; திங்கட்கிழமை கிளம்பினால் எர்ணாகுளம், திருச்சூர் என்று சுற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வீடு திரும்புவார், திரும்பியதும் குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போவார். ஒரே மகள் என்றுதான் பேர், அவளிடம் அவர் பேசியது கொஞ்சம். அந்தக் கம்ப்யூட்டரைக்கூட அவர்தான் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வாழைச்சருகு சுற்றிச் சணலால் கட்டியிருந்தார். பிரித்தபோது அறை முழுக்கப் பழுத்த தாரின் வாசம். "பாத்து வச்சுக்கோ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. லாரி கிளம்பிப் போய்விட்டது.

டிசி என்று ஒரு சாஃப்ட்வேர் அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. உன்னிடம் இருப்பதை நீ திறந்து வைக்க வேண்டும், பிறர் திறந்து வைத்ததை நீ எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் சங்கதி. எல்லாரும் வந்து கூடும் இடத்துக்கு ஹப் என்று பெயர். அந்தக் கல்லூரி ஹப்புக்குப் பையன்கள் வைத்த பெயர் குட்டிச்சுவர். குட்டிச்சுவருக்குக் காவல் உடுமலைப்பேட்டைக்காரன் திருமூர்த்தி, மெக்கானிக்கல் கடைசி வருஷம். அவன் போட்ட சட்டம் ஒன்றுதான்: பத்து ஜிபியாவது பகிராதவர் உள்ளே வரக்கூடாது.

சந்தனமாரியிடம் பகிர என்ன இருந்தது? புதுக் கம்ப்யூட்டர், உள்ளே ஒன்றுமில்லை. கதவைத் தட்டினாள், குட்டிச்சுவர் அவளை வெளியே தள்ளியது. மறுபடி தட்டினாள்; மறுபடி தள்ளியது.

"ஏதாச்சும் போட்டு வெய்டி" என்றாள் அறைத்தோழி பூங்கோதை. கோபிச்செட்டிபாளையத்துப் பெண், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். "எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க. என்ன இருக்குதோ அதை வெய்யி."

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெஸ்ஸில் போட்ட குஸ்காவைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். இந்நேரம் வீட்டில் அப்பா குளித்து முடித்திருப்பார், அம்மா ஜெயக்கொடி மீன் குழம்பை இறக்கியிருப்பாள், கூடத்தில் வெயில் சிமெண்டுத் தரையில் பாதி வரைக்கும் வந்திருக்கும், மூன்று பேர் உட்காரும் இடத்தில் இரண்டு பேர் பேச்சில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே, ஒரு ஃபோல்டரை உண்டாக்கி அதற்கு 'எங்க வீட்டு ஞாயித்துக்கிழமை' என்று பெயர் வைத்தாள். உள்ளே ஒன்றும் போடவில்லை. போட ஒன்றும் இல்லை. அப்படியே திறந்து வைத்தாள்.

சாஃப்ட்வேர் கணக்கெடுக்க ஆரம்பித்தது. எடுத்தது, எடுத்தது, கம்ப்யூட்டரின் முதுகு சுடும் வரைக்கும், பூங்கோதை துணி துவைத்துக் காயப்போட்டு வரும் வரைக்கும் எடுத்தது. பிறகு குட்டிச்சுவர் மரியாதையாக வழிவிட்டது. அங்கிருந்த அத்தனை பேருடைய படத்தையும் பாட்டையும் கூட்டினாலும் சந்தனமாரியின் ஃபோல்டர் அளவுக்கு வரவில்லை.

திருமூர்த்திக்கு மூக்கு வேர்த்தது. ஒன்றுமில்லாததைப் பெரிதாகக் காட்டி உள்ளே நுழைகிற ஆட்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். கையும் களவுமாகப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்று ஃபோல்டரைத் திறந்தான். திறந்ததும் ஏரலில் இருந்தான்.

மூன்றரை மணிக்குத் தன் நாற்காலியில் ஏப்பத்தோடு திரும்பிவந்து, கையை முகர்ந்து பார்த்துவிட்டு, அவளுக்கு எழுதினான்: "ஏங்க, உங்க வீட்டுக் குழம்புல கிடந்தது என்ன மீனுங்க?"

"ஞாயித்துக்கிழமைன்னா ஊளி மீனா இருக்கும் அண்ணா" என்று பதில் எழுதினாள் சந்தனமாரி.

"நான் குளத்து மீன் தவிர எதுவும் தின்னதில்லைங்க" என்று எழுதினான் திருமூர்த்தி. அதற்குப் பிறகு அவளை வெளியே தள்ளுகிற பேச்சு எழவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல வீட்டுக்குப் போன் பண்ணினாள். அம்மா எடுத்தாள்.

"ஏட்டி, ஒன் காலேசுப் பையன் ஒருத்தன் வந்து சாப்பிட்டுப் போனான். நெட்டையா, ஒல்லியா."

"டிசில வந்திருப்பாங்கம்மா."

"டி.சி.யா? ஐயோ! என்னட்டி பண்ணித் தொலைச்ச? டி.சி. குடுத்து அனுப்பிட்டாவளா?"

அது வேறு டிசி, இது வேறு டிசி என்று விளக்கி முடிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு ஜெயக்கொடி, "எதுல வந்தா என்ன, பசியோட வந்தான், வயிறார சாப்பிட்டான்" என்று முடித்துக்கொண்டாள்.

"அப்பா தூங்கலையாம்மா?"

"எங்க தூங்குனாவ? அந்தப் பையன்கூடப் பேசிக்கிட்டுல்லா இருந்தாவ."

சந்தனமாரிக்கு அதுதான் நம்ப முடியாமல் இருந்தது. திரும்பவும் கேட்டாள். அம்மா திரும்பவும் அதையே சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமூர்த்தியின் அறையைச் சேர்ந்த எல்லாரும் போனார்கள், அதற்கடுத்த வாரம் அந்த வராந்தாவே போனது, பூங்கோதை போனாள், பூங்கோதை போய்வந்து சொன்னதைக் கேட்டுப் பெண்கள் விடுதி மொத்தமும் வரிசைக்கு வந்தது. மற்ற நாட்களில் திறந்தால் ஃபோல்டர் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் திறந்தவர் ஏரலில் இருந்தார். கூடத்தில் எட்டு இலைக்குத்தான் இடம் என்பதால் ஒரு நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் திறக்க முடியாதபடி திருமூர்த்தி ஏற்பாடு செய்து, யார் எந்த வாரம் என்று முறை வைத்தான். எல்லாரையும் ஒரு தடவை முடித்துவிட்டுத்தான் மறு தடவை. அவனுக்கு மட்டும் காவல்காரன் என்கிற உரிமையில் வாராவாரம் ஒரு இலை உண்டு. சண்டை வந்தது, சமாதானம் வந்தது, ஒருவர் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாக ரெக்கார்ட் எழுதி வாங்கிக்கொள்கிற பழக்கமும் வந்தது.

சந்தனமாரியால் மட்டும் போக முடியவில்லை. தன் ஃபோல்டரைத் தானே எடுக்க டிசி யாரையும் விடாது. பூங்கோதையின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முயன்று பார்த்தாள். நாற்காலியிலேயே தூங்கிவிழுந்து கழுத்து வலியோடு எழுந்ததுதான் மிச்சம். நிஜமாகவே பஸ் ஏறிப் போகலாம் என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் கட்டுப்படியாகும்.

விஷயம் விக்டோரியா மேடம் காதுக்குப் போனது. விடுதியை விட்டு வெளியே போகிற பெண்கள் யாராக இருந்தாலும், எந்த வழியாகப் போனாலும், வெளியேறும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அப்படியே நடந்தது, எங்கே போகிறாய் என்ற கட்டத்தில் ஏரல் என்றும், எதில் போகிறாய் என்ற கட்டத்தில் டிசி என்றும் பெண்கள் எழுதினார்கள். பிறகு, இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று நேரில் பார்க்க மேடமே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். ஜெயக்கொடி அவரை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தாள். மறுநாள் காலையில் பலகையில் அந்த அறிவிப்பு இல்லை, யார் கிழித்தது என்று யாரும் கேட்கவுமில்லை.

ஏரலிலும் ஒன்றும் பெரிதாக ஆகிவிடவில்லை. வாசலில் முன்பின் தெரியாத செருப்புகள் பன்னிரண்டரைக்கு வந்து மூன்றரைக்குக் காணாமல் போவதைத் தெரு முதலில் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிவிட்டது. எதிர்வீட்டுக் காந்திமதி ஒரு நாள் வந்து, "அக்கா, ஒங்க வீட்டுல எடம் பத்தாட்டா ரெண்டு பேர எங்க வீட்டுக்கு அனுப்புங்க, எனக்கும் சோறு கேக்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெயக்கொடி பெரிய பானை வாங்கினாள். மீன் தின்னாத பிள்ளைகளுக்கென்று கூட்டாஞ்சோறும் ஆக்கினாள். ஊரில் கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர்கள் முகத்தைப் பார்த்தா பரிமாறுகிறார்கள்? இலை காலியாக இருக்கிறதா என்று மட்டும்தானே பார்ப்பார்கள். அவளும் அப்படித்தான்: குனிந்தபடியே வருவாள், குனிந்தபடியே போவாள், "வேணாங்காத, வளர்ற பிள்ள" என்பாள், சில சமயம் எம்.டெக். படிக்கிற தாடிக்காரர்களிடமும் அதையே சொல்வாள்.

கல்லூரியில் பேச்சே மாறியது. கோயம்புத்தூர்ப் பையன்கள் "வாங்க, போங்க" என்பதை விட்டுவிட்டு "என்னலே" என்றார்கள். சேலத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி "ஏட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். பரீட்சைக்குப் படிக்காத ஒருவனைப் பேராசிரியர் எழுப்பி நிற்க வைத்தபோது, "நாளைக்குப் படிச்சிருதேன் சார்" என்று சொல்லிவிட்டான், அவரும், "படிச்சிருதியா?" என்று கேட்டுவிட்டு, தானும் போன வாரம் போய்வந்தது தெரிந்துவிட்டதே என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை ஆனால் சந்தனமாரியின் அறை வாசலில் கூட்டம் கூடும். போய்வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வீட்டுச் சேதி சொல்வார்கள். முருங்கை பூத்திருக்கிறது, அம்மா புதுத் தோடு போட்டிருக்கிறாள், டிவிக்கு மேல் பூனை படுத்திருந்தது என்று. முதலில் அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆளாளுக்குச் சொன்னதை ஒட்டுப்போட்டு மனதுக்குள் வீட்டைக் கட்டிப் பார்த்துக்கொள்வாள்.

மார்கழியில் ஒரு நாள், ரெக்கார்ட் எழுதிக் கொடுத்து அடுத்தவர் முறையை வாங்கிக்கொள்கிற பூங்கோதை போய்வந்து சொன்னாள்: "உன்ற அப்பா இன்னிக்குப் பாடுனாருடி."

"எங்கப்பாவா?"

"ஆமா, கண்ணை மூடிட்டு. வாளையாறு தாண்டி ரோட்டுல யானை நின்னுச்சாமா, இவரு லாரியை நிறுத்திப்போட்டுப் பாடுனாராமா, யானை கேட்டுட்டு இருந்துட்டு அப்புறமேட்டுப் போச்சாமா." சிரித்தாள். "அப்புறம், நீ பொறந்தப்போ அவரு திருச்சூர்ல இருந்தாராமே. சேதி வந்ததும் லோடுல இருந்து ஒரு தாரை இறக்கி, ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பழம் குடுத்தாராமே. உனக்குத் தெரியுமல்ல?"

"தெரியும்" என்றாள் சந்தனமாரி. அவளுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து கூடவே இருந்த மகளுக்குச் சொல்லாததை, மீன் முள் எடுக்கத் தெரியாத ஊர்க்காரர்களிடம் அவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தலையணை நனைந்தது. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஃபோல்டரை மூடிவிட்டாள்.

விடுதியில் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் கோளாறு என்றாள். ஞாயிற்றுக்கிழமை முறை வந்திருந்த எட்டுப் பேரும் மெஸ் வரிசையில் நின்றார்கள். சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள்.

"ஏட்டி, பிள்ளைகளுக்கு என்னாச்சு? ஒருத்தருங்கூட வரலியே. சோறு அம்புட்டும் கெடக்கு. ஒங்கப்பா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாவ, அப்புறம் போய்ப் படுத்துட்டாவ."

"பரீட்சைம்மா" என்றாள் சந்தனமாரி. அடுத்த வாரமும் பரீட்சை என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம், லேப் முடிந்து வரும் வழியில், நூலக வாசலில் திருமூர்த்தி அவளை நிறுத்தினான். அவனை நேரில் அவள் அதிகம் பார்த்ததில்லை. சொன்ன மாதிரியே நெட்டையாக, ஒல்லியாக இருந்தான். கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான்.

"ஃபோல்டரைத் தொறந்து வைங்க" என்றான்.

"எங்க வீடு அண்ணா. தொறக்கதும் மூடுததும் என் இஷ்டம்."

"சரிங்க. நான் சோத்துக்காகக் கேக்கல." மூடியை மாட்டினான். "உங்கப்பாவுக்கு இடது கண்ணு தெரியறதில்லைங்க."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எப்பவும் அவருக்கு இடது பக்கம்தான் உக்காருவேன். ஐப்பசியிலயே பாத்துட்டேன், ரசத்தை டம்ளருக்குப் பக்கத்துல ஊத்தினாரு, என்ற கை மேல. நான் பேசலைன்னா நான் இருக்கறதே அவருக்குத் தெரியறதில்லை. கேட்டேன். 'எய்யா, சத்தங் காட்டாத, அவ படிப்பு முடியட்டும், அதுவரைக்கும் ஓட்டிருதேன்'னு கையைப் புடிச்சுட்டாரு. உங்கம்மாவுக்கும் தெரியாது."

"ஐப்பசிலருந்தா? இத்தனை நாளா லாரி ஓட்டுதாவளா?" அவள் குரல் உயர்ந்தது. நூலகத்துக்குள் இருந்தவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். "இத்தனை நாளா நீங்களும் போய்ப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்திருக்கீங்க!"

"கிளீனர் இருந்தாருங்க. இடது பக்கம் அவருதான் பாத்துச் சொல்லுவாரு, அதனால ஓடிட்டு இருந்துச்சு." திருமூர்த்தி தரையைப் பார்த்தான். "நீங்க மூடறதுக்கு முந்தின வாரம் கிளீனர் நின்னுட்டாரு, கல்யாணமாம். இப்பத் தனியாத்தான் ஓட்டறாரு. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். எனக்கு ரெண்டு வாரமாச் சோறு எறங்கலைங்க."

அவள் அவனைத் திட்டவில்லை. அறைக்கு வந்து ஃபோல்டரைத் திறந்து வைத்தாள், கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது என்று பூங்கோதையிடம் சொன்னாள், சனிக்கிழமை பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. வாசலில் செருப்புகள் கிடந்தன. அதில் ஒரு ஜோடி பூங்கோதையுடையது. அவற்றுக்குப் பக்கத்தில் தன் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கூடம் நிறைந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேர், எதிரெதிராக இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசையும் முடிகிற இடத்தில், நடுவில் அப்பா. அவருக்கு இடது பக்கத்தில் இருந்த திருமூர்த்தி அவளைப் பார்த்ததும் சத்தமில்லாமல் நகர்ந்து இடம் விட்டான். அவள் உதட்டில் விரலை வைத்தாள். எல்லாரும் புரிந்துகொண்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவள் அப்பாவுக்கு இடது பக்கம், முழங்கை தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

அவர் திரும்பவில்லை.

ஜெயக்கொடி குனிந்தபடியே வந்து அவள் முன்னால் ஒரு இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, "கூச்சப்படாம சாப்பிடும்மா" என்று சோற்றை வைத்துவிட்டு நகர்ந்தாள். நகர்ந்தவள் நின்றாள். இலையில் தண்ணீரைத் தடவிய அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா? கரண்டியோடு திரும்பி நிமிர்ந்து பார்த்தாள். மகள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அம்மா சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

அப்பா வலது பக்கம் இருந்த பூங்கோதையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கம்ப்யூட்டர லோடு மேலயா வைக்க முடியும்? கிளீனர மேல ஏறிப் படுக்கச் சொல்லிட்டு, முன்சீட்டுல வச்சுக் கட்டிக் கொண்டாந்தேன். விடிய விடிய ஓட்டம். பேச்சுத் தொணைக்கு ஆள் இல்ல, அதுகிட்டயே பேசிக்கிட்டு வந்தேன். எம்மா, பயப்படாம இரு, அந்த ஊர்ல ஒனக்கு யாரும் இல்லன்னு நெனைக்காத, ஒன்ன நெனைக்காம நான் ஒரு கியர் மாத்தினது இல்லன்னு என்னெல்லாமோ சொன்னேன். அவ மூஞ்சியப் பாத்தா வாய் வராது எனக்கு. அவ பொறந்ததுலருந்து வாரத்துக்கு ஒரு நாள் பாக்கேன். விருந்தாளி மாதிரி. விருந்தாளி என்னத்தப் பேசுவான், சொல்லு?"

பூங்கோதை சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"அப்பா" என்றாள் சந்தனமாரி.

லிங்கத்துரை முழுத் தலையையும் திருப்பினார். கழுத்தை வளைத்து, உடம்பையும் கொஞ்சம் சாய்த்து, வலது கண்ணுக்குள் அவளைக் கொண்டுவந்து பார்த்தார்.

"நீ எப்பட்டி வந்த?"

"நீங்க பேச ஆரம்பிக்கும்போதே வந்துட்டேன். பக்கத்துலதான் இருக்கேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. திருமூர்த்தி இருந்த பக்கம் திரும்பி, "சோறு போட்டவன இப்படிக் காட்டிக் குடுத்துட்டியே எய்யா" என்றார். திருமூர்த்தி, "ஆமாங்க" என்றான்.

"என்னத்தக் காட்டிக் குடுத்தான்? யாராவது சொல்லுங்க" என்றாள் ஜெயக்கொடி. சந்தனமாரி சொன்னாள். அம்மா கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். "ஒரே பாயில படுக்கேன், எனக்குத் தெரியலியே" என்று மட்டும் சொன்னாள்.

"சாவியக் குடுங்கப்பா."

"நாளைக்கு லோடு இருக்கு மக்கா. இந்த ஒரு லோடு."

"லோடு கெடக்கட்டும்" என்றாள் ஜெயக்கொடி.

யாரும் சாப்பிடவில்லை, யாரும் எழுந்திருக்கவுமில்லை. அப்பா எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது கையால் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவள் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினார். சந்தனமாரி தன் கையை அங்கே கொண்டுபோய் வாங்கிக்கொண்டாள்.

திருநெல்வேலியில் கண் டாக்டர், இடது கண் போனது போனதுதான், வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். லிங்கத்துரை கொஞ்ச நாள் வீட்டில் அடைந்து கிடந்தார். தை பிறந்த பிறகு வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுகிற வேலைக்குக் கூப்பிட்டார்கள், போனார். வாயே திறக்காத மனுஷன் ஏலம் விடுகிறாரே என்று மண்டியில் ஆச்சரியப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிப் பேசித் திறந்துகொண்ட வாய் அது என்று அவர்களுக்கு யார் சொல்வது? வாரத்தில் மூன்று நாள் இப்போது மகளுக்கு அவரே போன் பண்ணினார். முதல் வாரம் பூவன் தார் என்ன விலைக்குப் போனது என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் யானைக் கதையைச் சொன்னார். அவள் முதல் தடவை கேட்பது போலக் கேட்டாள்.

பங்குனியில் கல்லூரி நிர்வாகத்திலிருந்து உத்தரவு வந்தது. வருகிற ஜூன் முதல் விடுதிகளில் இந்த மாதிரிப் பகிர்வெல்லாம் கூடாது, கம்பி படிப்புக்கு மட்டும்தான், ஹப்பை மூட வேண்டும். யாரும் போராடவில்லை, எப்படியும் கடைசி வருஷத்துப் பிள்ளைகள் கிளம்புகிற காலம். வருஷம் முடிய ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருந்தபோது, திருமூர்த்தி எட்டுப் பேர் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டான்.

அன்று விடுதிகள் இரண்டும் போயின. மெஸ் சமையல்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்கள். காவலாளி பூட்டைப் பூட்டாமல் தொங்கவிட்டுப் போனார். ஏரலில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருப்பதாகவும், மண்டியிலிருந்து இலைக்கட்டு இலைக்கட்டாக வந்து இறங்குவதாகவும் அம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். சந்தனமாரி மட்டும் இருந்தாள். நடுவில் மின்சாரம் போனால் யாராவது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு எழுந்து வராந்தாவில் நடந்தாள். கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. காலி அறைகளில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. யாரோ பாதி படித்துக் கவிழ்த்த புத்தகம், யாரோ பின்னலுக்கு நடுவே விட்டுவிட்டுப் போன ரிப்பன், பக்கெட்டில் ஊறுகிற துணி. கணவாய்க் காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரைக்கும் தடையில்லாமல் போனது. இந்த இடத்துக்கு முதல் நாள் வந்தபோது எத்தனை பயந்தாள்! இப்போது எந்தக் கட்டில் கிரீச்சிடும், எந்தக் குழாய் சொட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அடுத்த வருஷம் இதில் கால்வாசிப் பேர் இருக்க மாட்டார்கள். அவளுக்குப் பசித்தது. அவள் பசியைப் பொருட்படுத்தவில்லை.

மூன்றரைக்குக் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் பூங்கோதை ஓடிவந்தாள். வலது கையைப் பொத்தி, நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"உன்ற அம்மா குடுத்தனுப்புனாங்க" என்று கையைத் திறந்தாள். குழம்பில் பிசைந்த சோறு, ஒரு வாய். சூடு ஆறவில்லை.

அதுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஜெயக்கொடி எதையும் கொடுத்தனுப்பியதில்லை. கொடுத்தனுப்பிவிட்டால் பிள்ளைக்கு ஊருக்கு வர வேண்டும் என்கிற நினைப்புக் குறைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். இன்று அவளும் லிங்கத்துரையும் பந்தல் வாசலில் நின்றுகொண்டு, கிளம்பிய ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாய் வைத்து, அவளிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பூங்கோதைக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, வராந்தா முழுக்க, மாடிப்படி முழுக்க, கையைப் பொத்தியபடி நின்றார்கள். கீழே கேட்டுக்கு வெளியே பையன்கள் நின்றார்கள். முன்னால் திருமூர்த்தி, ஒரு பருக்கைகூடச் சிந்தாமல்.

சந்தனமாரி வாசற்படியில் உட்கார்ந்தாள். பூங்கோதை ஊட்டினாள். அடுத்தவள் ஊட்டினாள். அழுகையும் சோறும் ஒன்றாக வந்ததால் மெல்ல முடியாமல் திணறினாள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ முதுகைத் தடவினார்கள், வரிசை நகர்ந்தது.

கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பையன்களை உள்ளே விடக் கூடாது என்பது விடுதியின் முதல் விதி. விக்டோரியா மேடம் கேட்டை முதுகால் தள்ளி அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, கையைப் பொத்தியபடியே, வரிசையில் யாரையும் முந்தாமல் படியேறி வந்தார். அவர் முறை வந்ததும் குனிந்து, "போதும்னு சொல்லக் கூடாது. வாயத் தொற" என்றார்.